பள்ளத்தில் இறங்கியவர் வீடியோவில் பாண் வாங்கப் போகிறார்: எங்கே பிழை?

வெள்ளவத்தைச் செயின் | ஞாயிறு இரவு 9.12

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவின் மகன் (இனி அண்ணா என்றே எழுதுகிறேன்) 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கினார். கொழும்புக் காலி வீதியில் வேலைக்குப் போய்வரத்தான் வாங்கியது. வரிசை போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு, விடிய நாலு மணிக்கே வானில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவிசாவளைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்துக்குப் போகிறோம். அவர் ஓடுவார், நான் எடுப்பேன். என்னிடம் இருப்பது என் போனும், யாரோ பாவித்துவிட்டு விற்ற ஓர் அக்‌ஷன் கமராவும்தான்.

அங்கே ஓர் இறக்கம் இருக்கிறது. மேலே நின்று பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். நடந்து இறங்கும்போதே இரண்டு தரம் சறுக்கி இருந்துவிட்டேன். அண்ணா அதில் இறங்கும்போது அவருடைய இடுப்பு சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு மேலே தொங்கும். வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டால், ஒருவர் சமதரையில் ஆறுதலாகப் பாண் வாங்கப் போகிறார். பெரியம்மா பார்த்துவிட்டு, "இதுக்குத்தானே இருட்டோட எழும்பிப் போறனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். அண்ணா ஒரு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

4கே, செக்கனுக்கு 50 ஃப்ரேம், ஸ்டெபிலைசேஷன் (நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) முழுதாகப் போட்டுத்தான் எடுத்தேன். நெஞ்சில் கட்டினோம், ஹெல்மெட்டிலும் கட்டினோம். நான் மேலே நின்று போனிலும் எடுத்தேன். எல்லாமே தட்டை. ஜிம்பல் (கமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) வாங்கினால் சரிவருமா? ட்ரோன்? கையில் ஒரு நாற்பதாயிரம் இருக்கிறது.

பஞ்சர் பாலா | ஞாயிறு இரவு 9.30

ஜிம்பல் வாங்குங்கள். நான் பாவிக்கிறேன், எண்ணெய் விட்டது மாதிரிப் போகும். வேறு யோசனையே வேண்டாம்.

மட்கார்ட் இல்லாதவன் | ஞாயிறு இரவு 10.05

பாலா, அவருடைய பிரச்சினையே அந்த எண்ணெய்தானே!

நான் ஓடுகிறவன், எடுக்கிறவன் இல்லை. ஆனால் என்னை எடுத்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவன். கல்லில் ஏறி இறங்கும்போது கைப்பிடி நடுங்குவதும், மரங்கள் பக்கத்தில் சீறிக்கொண்டு போவதும்தான் பார்க்கிறவருக்கு வேகம். ஸ்டெபிலைசேஷனை முழுதாகப் போட்டால் அது நடுக்கத்தைத் துடைத்தெடுத்துவிடும். 2018இல் கோப்ரோ கொம்பனி தன் ஹீரோ 7 பிளாக் கமராவில் ஹைப்பர்ஸ்மூத் என்ற ஸ்டெபிலைசேஷன் வசதியைக் கொண்டுவந்தபோது எல்லோரும் கைதட்டினோம். முகம் சுளிக்க வைக்கும் பழைய ஆட்டம் போய்விட்டது, உண்மைதான். கூடவே பயமும் போய்விட்டது. குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள்.

ஹெல்மெட்டில் கட்டுவதை நிறுத்துங்கள். அங்கே கமரா உயரத்தில் இருக்கிறது, கைப்பிடி படத்தில் விழாது, நிலம் எங்கோ கீழே ஓடும். நெஞ்சில் கட்டினால் இரண்டு முழங்கையும் கைப்பிடியும் தெரியும். இறக்கத்தில் கை நீளுவதும், முன்சக்கர ஃபோர்க் அமுங்குவதும் தெரியும். ஒன்று கவனியுங்கள்: செங்குத்தில் உடம்பைக் குனிந்து பிடிப்பதால் நெஞ்சுக் கமரா டயரைத்தான் பார்க்கும். கட்டும்போதே "கொஞ்சம் கூடத்தான் மேலே பார்க்கிறது" என்று தோன்றும் அளவுக்கு நிமிர்த்தி வையுங்கள்.

கெட்டிமேளம் | திங்கள் காலை 6.20

தம்பி, கொட்டாஞ்சேனையில் 19 வருஷமாகக் கலியாண வீடியோ எடுக்கிறேன். மலைச் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மருமகன் ஓடுகிறவன், அவனோடு கித்துல்கலப் பக்கம் நாலைந்து தரம் போய் அட்டைக்கு இரத்ததானம் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நாற்பதாயிரத்தை அலுமாரியில் வை. உன் பிழை கமராவில் இல்லை, நீ நின்ற இடத்தில் இருக்கிறது.

மேலே நிற்கும்போது சரிவு உனக்குக் கண்ணால் மட்டும் தெரியவில்லை. காதுக்குள்ளே இருக்கிற சமநிலை சொல்கிறது, கணுக்கால் சொல்கிறது, வயிறும் சொல்கிறது. கமராவுக்குக் காலும் இல்லை, வயிறும் இல்லை. அதற்குச் சாட்சி சொல்ல மரமும் அடிவானமும்தான் உண்டு. நீ என்ன செய்திருப்பாய்? மேலே நின்று, கமராவைக் கீழ்நோக்கிச் சரித்து, அண்ணாவின் முதுகைப் பிடித்திருப்பாய். நிலமும் சரிவு, கமராவும் அதே சரிவு. ஒன்றில் ஒன்று கழிந்து மிச்சம் பூச்சியம். அதற்கு மேல் அகன்ற லென்ஸ் வேறு. அது தூரத்தை இழுத்து நீட்டும், பின்னால் இருக்கிற மேட்டைச் சின்னதாக்கிவிடும்.

அடுத்த தரம் பக்கவாட்டில் நில். இறக்கம் படத்தின் ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடிய வேண்டும். கமராவை மட்டமாகப் பிடி. போனில் மட்டக்கோடு இருக்கும், அதைப் போட்டுக்கொள். பிறகு, நேராக நிற்கிற ஒன்றைப் படத்துக்குள் கொண்டுவா. இறப்பர் மரத்தை நம்பாதே, அது பாதிக்குப் பாதி காற்றுக்குச் சாய்ந்துதான் நிற்கும். தென்னை சொல்லவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் கமுகு இருக்கும், தேடு. கமுகு நூல் பிடித்தது மாதிரி நிற்கும். அந்த ஒரு கோட்டை இறக்கம் குறுக்கே வெட்டினால் போதும், பார்க்கிறவனுக்கு நீ ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாவது இடம் கீழே. இறக்கம் முடிகிற இடத்தில் ஒட்டி நிற்காதே, நல்லாய்ப் பின்னுக்குப் போய் நின்று, போனில் தூர லென்ஸ் தனியாக இருந்தால் அதால் எடு. விரலால் பெருப்பிக்காதே, அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிற வேலை. தூர லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இடைவெளியை நெருக்கும். மேடு சுவர் மாதிரி அண்ணாவின் தலைக்குப் பின்னால் எழும்பி நிற்கும்.

இன்னொன்று. கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தை நான் கண்ணால் பிடிப்பதில்லை. ஐயர் கையைத் தூக்கியதும் மேளம் மாறும், அந்தச் சத்தத்தில் என் கை தன்பாட்டில் தயாராகிவிடும். சைக்கிளிலும் மேளம் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரம் "டிர்ர்ர்" என்று கத்தும். மருமகன் திருப்பத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் இரண்டு செக்கன் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணைத் திரையில் வை, காதை மேலே வை.

வெள்ளவத்தைச் செயின் | திங்கள் காலை 8.40

அங்கிள், படித்துவிட்டு பஸ்ஸில் இருந்தபடியே பழைய வீடியோவை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. முதுகுதான் இருக்கிறது, ஒரு மரமாவது முழுதாக இல்லை.

அவரைக் கமராவால் தொடரும்போது விட்டுவிட்டுப் பிடிக்கிறேன். தலை வெட்டுப்படுகிறது, பிறகு அவசரமாகத் திருப்புகிறேன். இதற்கு என்ன செய்வது?

கெட்டிமேளம் | திங்கள் மதியம் 1.15

பாதத்தை அவர் வரத் தொடங்குகிற பக்கம் வைக்காதே. அண்ணா படத்தை விட்டு வெளியே போகிற பக்கத்துக்குப் பாதத்தை வை. பிறகு இடுப்பை மட்டும் முறுக்கி அவர் வருகிற பக்கம் திரும்பு. அவர் வரவர முறுக்கு அவிழும். முடிவில் உடம்பு நேராக இருக்கும், படமும் நேராக முடியும். மறுவளமாகச் செய்தால் கடைசியில் உடம்பு இறுகிப்போய் நடுங்கும்.

அவர் போன பிறகும் இரண்டு செக்கன் வெறும் பாதையை எடு. வெட்டி ஒட்டும்போது என்னை நினைப்பாய்.

பஞ்சர் பாலா | திங்கள் மதியம் 1.40

எல்லாம் சரி, ட்ரோனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

நேர்கோடு | திங்கள் மாலை 5.55

ட்ரோனுக்கு நான் சொல்கிறேன். இங்கே சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும், பறக்கவிடுவதற்கு அனுமதி வேறு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் பறப்பதையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை விடுங்கள். கடதாசி எல்லாம் கையில் இருந்தாலும் இறப்பர் தோட்டத்துக்கு மேலே பறந்து என்னத்தைப் பார்ப்பது? இலைதான். அதுவும் நேர் மேலே இருந்து எடுத்தால் உலகத்தில் எந்த மலையும் தட்டைதான்.

நான் தெஹிவளை. ஓடவும் செய்கிறேன், எடுக்கவும் செய்கிறேன். தம்பி, உங்கள் ஷட்டரைப் பற்றி, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கமரா எவ்வளவு நேரம் கண் திறந்திருக்கிறது என்று, ஒருவரும் கேட்கவில்லை. கமராவே முடிவு செய்யட்டும் என்று ஓட்டோவில் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணரும் அளவு) 100, எஃப் 1.8 துளை உள்ள போன் என்றால் ஷட்டர் 1/6000 செக்கன் பக்கம் போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமும் கல்வெட்டு மாதிரிக் கூராக இருக்கும், சக்கரத்தின் கம்பிகளை எண்ணலாம். வேகம் மட்டும் இருக்காது. 50 ஃப்ரேமுக்கு 1/100 என்று வைத்தால் பின்னால் உள்ள இலைகள் கோடாக இழுபடும், அண்ணா மட்டும் தெளிவாக இருப்பார். அந்த இழுவைதான் வேகம். வெட்ட வெயிலில் 1/100க்கு இறக்க ஏறக்குறைய என்டி 64 ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வேண்டும்; இறப்பர் நிழலில் என்டி 8 போதும், பல நேரம் அதுவும் வேண்டாம். ஜிம்பலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கில் இது முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கை நெஞ்சில் கட்டுகிற கமராவுக்குப் போடாதீர்கள். நானே அதில் ஒரு முழு நாளைக் கெடுத்திருக்கிறேன். உடம்போடு குலுங்குகிற கமராவில் ஷட்டர் மெதுவாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் குலுக்கல் பதிந்துவிடும். பிறகு ஸ்டெபிலைசேஷன் படச்சட்டத்தை அசையாமல் நிறுத்தும், உள்ளே படம் மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். அதை 1/200க்குக் குறையாமல் விடுங்கள்.

எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் (நிறச் சாயல்) மாறாமல் பூட்டி வையுங்கள். இறப்பருக்குள் வெயில் காசுகாசாக விழும். ஓட்டோவில் விட்டால் ஒவ்வொரு காசுக்கும் படம் கண் சிமிட்டும்.

அண்ணாவுக்குப் பின்னால் இன்னொருவர் ஓடக்கூடியவர் இருந்தால் அவர் நெஞ்சில் கமராவைக் கட்டி விடுங்கள். இரண்டு சைக்கிள் நீளத்துக்கு மேலே விலகக் கூடாது. அகன்ற லென்ஸில் ஐந்து மீற்றர் விலகினாலே முன்னால் போகிறவர் எறும்பு.

கடைசியாக ஒன்று, முடிந்தால் தை, மாசியில் போங்கள். இறப்பர் இலை உதிர்க்கிற காலம். வெளிச்சம் உள்ளே வரும், சருகில் டயர் ஏறுகிற சத்தம் தனி அழகு. காலை 7 மணியில் இருந்து 9 மணி வரை சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வேரும் கல்லும் நிழல் விழுத்தும். 11 மணிக்கு மேல் அதே பாதை கோலம் அழிந்த முற்றம் மாதிரி ஆகிவிடும். ஏப்ரலில் நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வரும் நாட்களில் பகலில் கமராவை எடுக்கவே வேண்டாம்.

பஞ்சர் பாலா | திங்கள் மாலை 6.10

எல்லோரும் சேர்ந்து என் ஜிம்பலைக் கொன்றுவிட்டீர்கள். அதை வைத்துக் கடற்கரையோர மரைன் ட்ரைவில் எடுத்த வீடியோவைப் போடட்டுமா?

மட்கார்ட் இல்லாதவன் | திங்கள் மாலை 6.14

மரைன் ட்ரைவில் மலை எங்கே இருக்கிறது பாலா?

பஞ்சர் பாலா | திங்கள் மாலை 6.31

மலை இருந்தால்தான் வீடியோவா? ஸ்கொட்லாந்துச் சைக்கிள் வித்தைக்காரர் டேனி மெக்காஸ்கில் 2009இல் எடின்பரோ நகரத்து வேலியிலும் மதிலிலும் ஓடியதை உலகமே பார்த்தது. அதை எடுத்ததும் அவருடைய நண்பர் ஒருவர்தான்.

நேர்கோடு | திங்கள் மாலை 7.02

இதில் பாலா பக்கம் நியாயம் இருக்கிறது. பழகுவதற்கு அவிசாவளை வரை போகத் தேவையில்லை. வெள்ளவத்தையில் இருக்கிறவருக்கு மரைன் ட்ரைவை விட நல்ல பள்ளிக்கூடம் ஏது? விடிய ஆறு மணிக்குப் போய் நின்று, கரையோர ரயிலையும் ஓட்டோவையும் பாண் கொண்டுவருகிறவரையும் தொடர்ந்து எடுத்துப் பழகுங்கள். கெட்டிமேளம் அங்கிள் சொன்ன இடுப்பு முறுக்கு ஐம்பது தரம் செய்தால்தான் வரும்; அண்ணாவை ஐம்பது தரம் இறங்கச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் லென்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். கடல் காற்றின் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் வெளிச்சத்தைச் சுற்றிப் புகைபோலத் தெரியும்.

மட்கார்ட் இல்லாதவன் | திங்கள் மாலை 7.25

"ஐம்பது தரம் இறங்கச் சொல்ல முடியாது" என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

என் கழுத்தெலும்பு உடைந்தது பெரிய இறக்கத்தில் இல்லை. "இன்னும் ஒரே ஒரு தரம், இந்த முறை போகஸ் சரி" என்று நண்பன் கேட்ட நாலாவது தரத்தில். முதல் தரம் பயத்தோடு கவனமாக இறங்குவோம், இரண்டாவது தரம் நன்றாக இறங்குவோம். அதற்குப் பிறகு கை களைத்துவிடும், பிரேக் விரல் சொன்னது கேட்காது, ஆனால் மனது "பழகிய பாதைதானே" என்று சொல்லும். எடுக்கிறவன் நிழலில் நிற்கிறான், அவனுக்குக் களைப்பில்லை. ஓர் இடத்துக்கு மூன்று தரம் என்று முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை, அடுத்த வளைவுக்குப் போங்கள்.

அண்ணா இறங்க முன்னர் கீழே ஒருவர் நின்று பாதை வெறிதா என்று பார்த்து விசில் அடிக்க வேண்டும். விசில் இல்லாமல் இறங்கவே கூடாது.

சிரட்டைப் பால் | திங்கள் இரவு 9.48

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் யாரிடம் கேட்டுவிட்டுப் போகிறீர்கள்?

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது புறக்கோட்டையில் வேலை. நீங்கள் எல்லோரும் அழகான வெளிச்சம் என்று சொல்கிற காலை 7 மணி இருக்கிறதே, அதுதான் என் அம்மா இறப்பர் பால் வெட்டுகிற நேரம். விடிந்தும் விடியாமலும் மரத்துக்கு மரம் போய் வெட்டி, சிரட்டையைக் கவிழாமல் வைத்து, பிறகு வாளியோடு அதே ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார். நீங்கள் ட்ராக் என்று சொல்கிறது அவருடைய நடைபாதை. ஞாயிறென்றாலும் சில நாள் வேலை இருக்கும்.

மரவரிசைக்கு நடுவே குறுக்காக ஓடுகிற தண்ணீர்க் கானை வீடியோவுக்காகத் தாண்டிக் குதிக்கிறார்கள். கானின் கரை இடிந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் அதன் வழியே போகாது, பாதையை அறுத்துக்கொண்டு போகும். பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கினாலும் அதே கதைதான். சறுக்கினால் மண் பறந்து படத்துக்கு வடிவாக இருக்கும், தெரியும். வைகாசி மழைக்குப் பிறகு அங்கே வாளியோடு நடந்து பாருங்கள்.

ஓட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தோட்டக் கந்தோரில் கேளுங்கள், கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழில் கேட்டால் தேத்தண்ணீர் தந்து நல்ல பாதையும் காட்டுவார்கள். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் வீடியோவில் போடாதீர்கள்.

வெள்ளவத்தைச் செயின் | திங்கள் இரவு 10.20

அண்ணன், முகத்தில் அடித்தது மாதிரி இருக்கிறது. நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. கேற் திறந்திருந்தது, போனோம். பழைய வீடியோ ஒன்றில் வாளியோடு ஓர் அம்மா ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். அவரை எடுத்தது கூட எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

சிரட்டைப் பால் | திங்கள் இரவு 10.33

சரி தம்பி, இனிக் கேளுங்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொண்டு போங்கள், மழைக்காலத்தில் அங்கே கனக்க.

கெட்டிமேளம் | செவ்வாய் காலை 6.05

ஒன்று மறந்துவிட்டேன். வானில் ஏசி போட்டுக்கொண்டு போகிறீர்கள்தானே? இறங்கியவுடன் பையைத் திறக்காதே. குளிர்ந்த லென்ஸில் வெளி ஈரம் பட்டால் சோடாப் போத்தல் மாதிரி வியர்த்துவிடும். அரை மணித்தியாலம் பையோடு வெளியே வை, கங்காணியோடு கதைக்கிற நேரம் அது. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. கொழும்பு ஈரத்தில் என்னுடைய நல்ல லென்ஸ் ஒன்று உள்ளே பூஞ்சணம் பிடித்து, சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. கழுவக் கொடுத்த இடத்தில் இன்னும் கீறிக் கொடுத்தார்கள். அது வேறு கதை, எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும்.

வெள்ளவத்தைச் செயின் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8.50

நேற்றுத் தோட்டக் கந்தோருக்கு அண்ணா நேரே போய்க் கேட்டார். ஒன்பது மணிக்குப் பிறகு, கங்காணி காட்டுகிற பக்கத்தில் மட்டும் என்று சொன்னார்கள். அதனால் 7 மணி வெளிச்சம் கிடைக்கவில்லை. பரவாயில்லை.

நாங்கள் ஓடும் பழைய இறக்கம் வேலை நடக்கிற பக்கம், அதனால் வேண்டாம் என்றார் கங்காணி. மரம் தறித்து, இன்னும் நடாமல் விட்டிருந்த வேறொரு சரிவைக் காட்டினார். பழையதை விடக் கொஞ்சம் சாய்வு குறைவு என்று அண்ணாவுக்கு மனவருத்தம். ஆனால் ஓரத்தில் வரிசையாக ஏழு கமுகு! அங்கிள், உங்களை நினைத்தேன்.

பக்கவாட்டில் நின்றேன். முதல் தரம் தலை வெட்டுப்பட்டது. இரண்டாவது தரம் அவர் வந்த வேகத்துக்கு நான் முந்திவிட்டேன், வெறும் காற்றை எடுத்திருக்கிறேன். மூன்றாவது தரம் திரையைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்தேன். மேலே "டிர்ர்ர்" கேட்டது, கை தன்பாட்டில் நகர்ந்தது. 1/100, என்டி 32. வெட்டை என்பதால் நிழலே இல்லை. பின்னால் கமுகுகள் கோடாக இழுபட, அண்ணா மட்டும் கூராகக் கீழே வருகிறார். நாலாவது தரம் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கீழே இருந்து தூர லென்ஸில் எடுத்தது இன்னும் பயங்கரம். வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். பெரியம்மா பாதியில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். திரும்பி வந்து, நாளைக்கே சைக்கிளை விற்க வேண்டும் என்கிறார். அண்ணா மறுபடியும் என்னோடு கதைக்கவில்லை.

மட்கார்ட் இல்லாதவன் | ஞாயிறு இரவு 9.04

இதற்கா பயம்? பெரியம்மாவுக்கு இனிமேல் மேலே நின்று முதுகை எடுத்த வீடியோவை மட்டும் காட்டுங்கள். மற்றது நமக்கு.

வெள்ளவத்தைச் செயின் | ஞாயிறு இரவு 9.11

அதை அழித்துவிட்டேன். 64 ஜிபி கார்டில் 85 நிமிடத்துக்கு மேல் பிடிக்கவில்லை.